சட்டம் படித்தவர் போட்ட மளிகைக் கடை: ஜப்பானின் ‘மெய்ஜியா’ பிறந்த கதை

டோக்கியோவின் கியோபாஷி ஸ்டேஷனில் மெட்ரோவை விட்டு இறங்கினால், சாலைக்கு ஏறாமலேயே ஒரு பழைய கட்டடத்துக்குள் போய்விடலாம். 1933-ல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம்தான் மெய்ஜியாவின் முகவரி. இறக்குமதி ஒயின், சீஸ், ஜாம் என்று கொஞ்சம் காஸ்ட்லியான பொருட்களுக்குப் பேர்போன சூப்பர் மார்க்கெட் இது. இதைத் தொடங்கியவர் இசோனோ ஹகாரு. அந்தக் கட்டடம் எழுவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

யார் இந்த இசோனோ?

1858-ல் மேற்கு ஜப்பானின் சுயாமாவில், ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வளரும்போதே சாமுராய் ஆட்சி முடிந்து மெய்ஜி காலம் வந்துவிட்டது. வாள் போய், படிப்புக்கு மவுசு வந்த நேரம். 1879-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். அன்றைக்கு அந்தப் பட்டம் இருந்தால் அரசுப் பதவி கிட்டத்தட்ட கன்ஃபார்ம். பழைய சமூக அடுக்கில் வியாபாரிக்குக் கடைசி இடம்தான். ஆனாலும் இசோனோ தேர்ந்தெடுத்தது வியாபாரத்தை.

லண்டன் கொடுத்த பாடம்

மிட்சுபிஷியின் உதவியோடு 1880-ல் லண்டன் போனார். அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்து கொள்முதல், கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் வேலை பார்த்தே கற்றுக்கொண்டார். 1884-ல் ஊர் திரும்பியதும் பயணியாக அல்ல. மிட்சுபிஷியின் புதிய கப்பலான யோகோஹாமா மாருவில் கணக்கும் நிர்வாகமும் பார்க்கும் அதிகாரியாக. நீண்ட பயணத்தில் ஒரு கப்பலுக்கு என்னென்ன தேவை என்பதை நேரில் பார்க்க முடிந்தது.

1885: ரிஸ்க்கான தொடக்கம்

யோகோஹாமா துறைமுகத்தில் வெளிநாட்டு வணிகத்தின் பெரும்பகுதி அப்போது வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. அங்கேதான் 1885-ல் மெய்ஜியாவைத் திறந்தார். காலத்தின் பெயரையே கடைக்கு வைத்தார். கப்பல்களுக்கு உணவும் பொருட்களும் சப்ளை செய்வதுதான் முதல் வேலை.

டைமிங் என்னவோ சரியில்லை. மிட்சுபிஷியை உருவாக்கிய இவாசாகி யாடாரோ அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்தார். போட்டிக் கம்பெனியோடு நடந்த கட்டணச் சண்டையில் இரண்டு தரப்புக்கும் நஷ்டம். கடைசியில் இரண்டின் கப்பல் தொழிலும் இணைந்து நிப்பான் யூசென் உருவானது. அந்தப் புதிய நிறுவனத்தின் கப்பல்களுக்குச் சப்ளை செய்யும் வேலை கிடைத்ததால் மெய்ஜியா தப்பித்தது.

பெரிய டீல்: கிரின் பீர்

யோகோஹாமாவில் வெளிநாட்டவர் நடத்திய ஜப்பான் புரூவரி, 1888-ல் கிரின் பீரை அறிமுகம் செய்தது. தயாரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஜப்பானியரிடம் விற்கத் தெரியவில்லை. விற்பனை உரிமை மெய்ஜியாவுக்கு வந்தது. துறைமுகத்தில் வெளிநாட்டவர் குடித்த பானம், விளம்பரங்கள் வழியே உள்ளூர் மக்களிடமும் போய்ச் சேரத் தொடங்கியது. கப்பலை மட்டும் நம்பியிருந்த கடைக்கு நிலத்திலும் வருமானம் வந்தது.

39 வயதில் முற்றுப்புள்ளி

1897-ல் இசோனோ காலமானார். வயது 39. கடைக்கு அப்போது 12 வயதுதான். முதலாளி போனதும் மூடியிருக்க வேண்டிய கடையை உறவினரான யோனெய் கென்ஜிரோ எடுத்து நடத்தினார். 1907-ல் அவரும் மிட்சுபிஷி தரப்பும் சேர்ந்து, வெளிநாட்டவரிடமிருந்த அந்த மதுபான ஆலையையே வாங்கினார்கள். அதுதான் இன்றைய கிரின் நிறுவனம். விற்றுக்கொடுத்த கடை, தயாரிப்பிலும் பங்காளியானது.

1911-ல் சொந்த பிராண்டில் ஜாம் வந்தது. பின்னாளில் சிங்கப்பூரிலும் கிளை திறந்தார்கள். லியாங் கோர்ட்டில் இருந்த மெய்ஜியா அங்குள்ள பலருக்கும் பழக்கமான கடை.

இசோனோ இதில் எதையும் பார்க்கவில்லை. கடையை வளர்க்க அவருக்குக் கிடைத்தது 12 ஆண்டுகள்தான். ஆனால் வெளிநாட்டுப் பொருளை நம்மாலேயே தேடி வாங்கி விற்க முடியும் என்ற அவருடைய அடிப்படைக் கணக்கில்தான் கடை இன்னும் ஓடுகிறது.