ஆங்கிலச் சொல்லும் இரட்டைமலை சீனிவாசனாரும்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்த நாளில், மாலை வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலச் சொற்குறிப்பேடுகள் நம் மேசைமீது திருத்தத்திற்காகக் கிடந்தன. இடப்புறம் சொல், வலப்புறம் பொருள் என நாள்தோறும் ஐந்து சொற்கள் எழுதி வருகின்றனர். கேட்டால் ஒப்பிக்கின்றனர். அச்சொல்லை அமைத்து ஒரு வாக்கியம் கூறுக என்றாலோ தலை குனிகின்றனர். மாமல்லபுரத்துக் கடற்கரையில் சங்குமாலை விற்கும் சிறுவர்கள், வெளிநாட்டாரிடம் விலை பேசுமளவுக்கு ஆங்கிலம் பேசக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் எழுத வராது. ஆங்கிலத்தை எதற்காகக் கற்பது என்பதை நம் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த ஒரு பெருமகனாரின் வாழ்வே காட்டும் எனக் கருதி, அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்து சில ஆண்டுகளுக்குள் பிறந்தார். அன்னாரது இளமைக் கல்வி கோயம்புத்தூரில் நிகழ்ந்தது. பள்ளியில் ஏறத்தாழ நானூறு மாணவர். அவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் குலமும் குடியிருப்பும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என அஞ்சிய அச்சிறுவர், பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே உள்ளே நுழைவார். பள்ளி விட்டதும் எவரும் உடன்வராதபடி விரைந்து வீடு சேர்வார். உடன் பயிலும் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாத துயரை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. 1939-இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கம் என்னும் நூலில் அதனைப் பதிந்து வைத்தார். நம் பிள்ளைகள் அறிய வேண்டுவது இதுவே: அஞ்சி அஞ்சிப் பள்ளிக்குச் சென்றாரேயன்றி, அஞ்சிப் பள்ளியை விட்டாரல்லர்.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின் 1890-இல் சென்னைக்கு வந்தார். அக்காலத்தில் நம் மாவட்டத்தின் நிலை யாது? கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்பார், செங்கல்பட்டுப் பறையர் மக்கள் நிலமின்றியும் மனைக்கு உரிமையின்றியும் படும் பாட்டை ஆராய்ந்து 1891-இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் பிறந்த ஆணையே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற நிலங்களுக்கு வித்தாயிற்று. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் அழுத அழுகை கோட்டையை எட்டவில்லை; ஆங்கிலத்தில் ஓர் அதிகாரி எழுதியபோது எட்டியது. அதிகாரி ஒருவர் மனமிரங்கி எழுதும்வரை காத்திராமல், நம்மவரே எழுத வேண்டுமென்பதைச் சீனிவாசனார் செய்து காட்டினார்.

1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரையே முகப்பில் பொறித்தது அவரது துணிவு. அவ்விதழ் 1900-வரை நடந்தது.

அதே 1893-இல் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற தீர்மானம் லண்டன் பாராளுமன்றத்தின் மக்களவையில் நிறைவேறியது. காங்கிரசார் அதனை வரவேற்றனர். சீனிவாசனாரோ, கல்வி வாய்ப்பு முழுதும் ஒருசாரார் கையில் இருக்கும் நிலையில், கிராமத்தில் வழி மறிப்பவரின் உறவினரே கலெக்டராகவும் வந்தமர்வார், பிறகு முறையிட இடமிராது எனக் கண்டு, 3,412 பேர் கையொப்பமிட்ட எதிர்ப்பு மனுவை அப்பாராளுமன்றத்துக்கே அனுப்பினார். அந்நிலைப்பாட்டைப் பற்றி இன்று கருத்து வேறுபடுவோர் இருக்கலாம். ஆயினும், தெருவில் நடக்கவும் தடையிருந்த மக்கள் கடல் கடந்த மன்றத்தோடு அதன் மொழியிலேயே வழக்காடினர் என்பதை எவரும் மறுக்க இயலாது.

பின்னர் ஆப்பிரிக்கா சென்ற அவர், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பலர் வாழ்ந்த நாடு அது. நீதிமன்றத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஓர் ஏழை சிறை செல்வான். சொல்லின் பொருளைத் துல்லியமாக அறிதல் புலமைக்கு அணி மட்டுமன்று, பிறர் உயிருக்குக் காவலுமாகும் என்பதை அப்பணி உணர்த்துகிறது.

தாயகம் மீண்டபின் 1923-இல் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். பொதுத் தெருக்களிலும் சாலைகளிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளங்களை எவரும் பயன்படுத்தலாம் எனும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். 1930, 1931-ஆம் ஆண்டுகளில் லண்டனில் கூடிய வட்டமேசை மாநாடுகளுக்கு அண்ணல் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதியாகச் சென்றார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிட்டனர்.

லண்டனில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி ஆங்கிலம் பயிற்றும் நமக்குப் பாடமாகும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டபோது, தீண்டாமை என்றால் என்ன என மன்னர் வினவினார். சீனிவாசனார் சாத்திரம் எதனையும் விரிக்கவில்லை, பெருஞ்சொற்களைத் தேடவில்லை. தாழ்ந்தவன் எனப்படுபவன் தெருவில் விழுந்து கிடந்தால், உயர்ந்தவன் எனப்படுபவன் அவனைத் தூக்கிவிட மாட்டான் என்று விளக்கினார். அவ்வாறே கிடக்க விட்டுவிடுவரோ என மன்னர் திகைத்தாராம். அகராதியில் இதனினும் எளிய பொருள் விளக்கம் நாம் கண்டதில்லை.

1945 செப்டம்பர் 18-ஆம் நாள் சீனிவாசனார் மறைந்தார். 2000-இல் நடுவணரசு அவர் உருவத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னைக் கிண்டியில் மணிமண்டபம் உள்ளது.

நம் தந்தையார்க்கு ஒருமுறை நிலம் தொடர்பாக ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. படித்துச் சொல்ல ஆளின்றி, அந்நிலத்தில் கண் வைத்திருந்தவரிடமே கொடுத்துப் பொருள் கேட்டார். அவர் அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்றார், கெடு கடந்தது, நிலம் போயிற்று. நாம் பி.ஏ., பி.எட். படித்ததற்கு அந்த அரை ஏக்கரே காரணம்.

ஆதலின் மாலை வகுப்பில் இப்போது முறையை மாற்றியுள்ளோம். நாளைக்கு ஐந்து சொற்களுக்குப் பதில் இரண்டே சொற்கள். பெட்டிஷன் என்பதற்கு, கேட்பது கிடைக்க வேண்டி உரியவருக்கு எழுதிக் கையொப்பமிடுவது எனப் பொருள் எழுதுவதோடு நில்லாமல், தம் தெருக் குழாய்க்காக ஒரு மனுவைப் பிள்ளைகள் எழுதுகின்றனர். நோட்டீஸ் என்னும் சொல்லைக் கற்றதும், வீட்டில் கிடக்கும் பழைய அறிவிப்பு ஒன்றைக் கொணர்ந்து படிக்கின்றனர். சென்ற திங்கள் ஒரு மாணவி தன் பாட்டியின் ஓய்வூதியக் கடிதத்தைத் தானே படித்துப் பொருள் கூறினாள். எவர் வீட்டு வாயிலிலும் சென்று நிற்கவில்லை.

கோழியாளத்துச் சிறுவர் மணி அடித்த பின்னர் மறைந்து நுழைந்தார். நம் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்னரே வந்து முன்வரிசையில் அமர்க. வாழ்க சீனிவாசனார் புகழ்! வளர்க நம் சங்கத்தின் கல்விப் பணி!