கறிவேப்பிலையில் பெயர் விட்டுச் சென்ற டாக்டர்

வேதாரண்யத்து மணல் தோட்டத்தில் பூசணிக் கொடி போட்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலையைத் துளைத்துச் சல்லடை ஆக்கிவிடும் சிவப்பு வண்டைப் பற்றிச் சொல்வார்கள்.

அந்த வண்டு பூசணியோடு நிற்காது. வெள்ளரிக் கொடிக்கும் போகும், பீர்க்கங்கொடிக்கும் போகும். ஆனால், பக்கத்தில் நிற்கும் கத்தரிச் செடியைப் பெரும்பாலும் தொடாது.

ஏன்? பூசணி, வெள்ளரி, பீர்க்கு மூன்றும் ஒரே குடும்பம். தன் உணவு எந்தக் குடும்பத்து இலை என்பது வண்டுக்குத் தெரியும்!

உலகில் இலை வண்டுகள் 30 ஆயிரம் வகைக்கு மேல் இருக்கின்றன. பல, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒரு வண்டு எந்த வகை என்று அறிய, அது எந்தச் செடியில் இருந்தது என்பது பெரிய துப்பு. ஆகவே பூச்சியை அறிய விரும்புகிறவன் செடியையும் அறிய வேண்டும்.

அப்படி இரண்டையும் தேடிய ஒருவர், 250 ஆண்டுகளுக்கு முன் இதே கடற்கரையில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜோகான் கெர்ஹார்ட் கோனிக்.

தரங்கம்பாடிக்கு வந்தார்

வேதாரண்யத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் நாகப்பட்டினம், காரைக்கால் ஆகிய ஊர்களைத் தாண்டித் தரங்கம்பாடி வரும். அன்று அது டென்மார்க் நாட்டாரின் ஊர். 1620ல் கோட்டை கட்டிக் குடியேறிய அவர்கள், 1845ல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.

கோனிக் 1728ல் பிறந்தார். பிறந்த இடம் இன்றைய லாத்வியா நாட்டில் இருக்கிறது. சுவீடனில் இருந்த லின்னேயஸ் என்ற பேரறிஞரிடம் படித்தார். செடிக்கும் உயிர்களுக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை உலகில் நிலைநாட்டியவர் இந்த லின்னேயஸ்தான்.

படித்தபின் கோனிக், பனி மூடிய ஐஸ்லாந்துத் தீவுக்குப் போய்ச் செடிகளைச் சேகரித்தார். பிறகு, கிறிஸ்தவப் பாதிரிமார் சபையின் டாக்டராக 1768ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்.

நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை. மற்ற நேரமெல்லாம் காடும் வயலும்தான்! செடிகளைத் தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காய வைத்தார். பூச்சிகளையும் பிடித்துப் பத்திரப்படுத்தினார். கப்பல் வரும்போது ஐரோப்பாவுக்கு அனுப்பினார்.

வாயைப் பார்த்து வகை பிரித்தவர்

அந்தப் பூச்சிகள் பாப்ரிசியஸ் என்ற டென்மார்க் அறிஞரிடம் போய்ச் சேர்ந்தன. அவரும் லின்னேயசின் மாணவரே.

ஆசிரியர் பூச்சிகளைச் சிறகைப் பார்த்துப் பிரித்தார். மாணவரோ வாயைப் பார்த்துப் பிரித்தார். கடிக்கும் வாயா, உறிஞ்சும் வாயா என்று பார்த்தால் அதன் வாழ்க்கையே தெரியும் என்பது அவர் எண்ணம். சுமார் 10 ஆயிரம் வகைப் பூச்சிகளுக்கு அவர் பெயர் வைத்தார். கோனிக் பிடித்து அனுப்பியவையும் அவற்றில் உண்டு.

கரையான் புற்றுக்குள் தோட்டம்

தஞ்சைச் சீமையில் கரையான் அரிக்காத வீடு ஏது? எல்லோரும் திட்டும் அந்தக் கரையானையும் கோனிக் விடவில்லை. புற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே சிறு காளான்கள் வளர்ந்திருப்பதைக் கண்டார். கரையான் தன் உணவுக்காக வளர்க்கும் தோட்டம் அது!

மழைக்காலத்தில் புற்றில் புகை போட்டு ஈசல் பிடிப்பதையும், ஏழைகள் அதை மாவோடு சேர்த்துத் தின்பதையும் எழுதி வைத்தார். இந்தக் கட்டுரை 1779ல் பெர்லினில் அச்சாயிற்று.

சம்பளம் போதவில்லை

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். சபை கொடுத்த சம்பளம் அதற்குப் போதவில்லை. 1774ல் ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778ல் ஆங்கிலக் கும்பெனியார் அவரை அமர்த்தினார்கள். சயாம், மலாக்கா வரை கப்பலில் போய் வந்தார். கோடிக்கரைக்கு எதிரே, கடலுக்கு அப்பால் இருக்கும் இலங்கைக்கும் சென்று செடிகளைச் சேகரித்தார்.

பின்னாளில் இந்தியத் தாவர நூலின் தந்தை என்று புகழ்பெற்ற ராக்ஸ்பரோ, இவருடைய நண்பர். தாம் அறிந்ததை அவருக்குத் தாராளமாகச் சொல்லிக் கொடுத்தார் கோனிக்.

1785ம் ஆண்டு ஜூன் 26ந் தேதி, காக்கிநாடாவுக்கு அருகே வயிற்றுக் கடுப்பால் கோனிக் இறந்தார். கடைசி நாட்களில் ராக்ஸ்பரோ மருத்துவம் பார்த்தும் பலன் இல்லை. அப்போது கோனிக்கின் வயது 56.

பெட்டிக்குள் போன உழைப்பு

ஏராளமாக எழுதிய அவர், தம் வாழ்நாளில் அச்சிட்டது கொஞ்சமே. கையெழுத்துத் தாள்களை லண்டனில் இருந்த ஜோசப் பாங்க்ஸ் என்ற அறிஞருக்கு விட்டுச் சென்றார். சயாம் பயணக் குறிப்பு அச்சானது 1894ல்! அவர் இறந்து 109 ஆண்டுகளுக்குப் பிறகு!

அவர் கண்டதைப் பிறர் எழுதினார்கள். பிறர் பெயரே முன்னால் நின்றது. அப்படியானால், கோனிக்கின் பெயர் அழிந்துவிட்டதா?

இல்லை. ஆசிரியர் லின்னேயஸ், 1771ல் தம் மாணவரை நினைத்து ஒரு செடிக்குப் பெயர் சூட்டினார். பெர்கெரா கோனிகி என்பது அந்தப் பெயர். முர்ராயா கோனிகி என்றும் அது பின்னர் வழங்கியது. முன்பாதி மாறினாலும் கோனிக் மாறவில்லை.

அந்தச் செடி எது தெரியுமா? நம் வீட்டுக் கறிவேப்பிலை!

கறிவேப்பிலைக் கன்றில் பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே புழு எலுமிச்சை இலையிலும் இருக்கும். வளர்ந்து அழகிய வண்ணத்துப்பூச்சி ஆகும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்று அந்தப் புழுவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதன்தான் அதைத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் உயிர் போகும்வரை உழைத்தவர் கோனிக்.

சாப்பிடும்போது ஒதுக்கி வைக்கிறோமே, அந்த இலையில் இருக்கிறது அவர் பெயர்.