ஸ்டான்லி மில்கிராம்: கீழ்ப்படிதலை அளந்தவர்

தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில் நன்னெறிக் கல்விப் பாடத்தில் நான் குறைந்த மதிப்பெண் வாங்கியதே இல்லை. பெரியோர் சொற்படி நடக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவருக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அழகாக எழுதிவிடுவேன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மொழி மாறியதே தவிர விடை மாறவில்லை. அதையே மலாய்மொழியில் எழுதினேன். அதற்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உளவியல் விரிவுரையில்தான் ஸ்டான்லி மில்கிராம் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். என் பழைய விடைத்தாள்களை யாரோ திரும்ப வாங்கித் திருத்தத் தொடங்கியது போலிருந்தது. அந்த விரிவுரைக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் எங்கள் விடுதித் திடலில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒருவன் எந்தக் கட்சியை ஆதரிக்கிறான், எந்தத் தலைவன் பின்னால் போகிறான் என்பதெல்லாம் அவனுடைய கொள்கையால் முடிவாகிறது என்றுதான் நாம் பொதுவாக எண்ணுகிறோம். மில்கிராம் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த எண்ணத்தைச் சோதிப்பதிலேயே செலவிட்டார். அவனை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், அவனை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே அவர் ஆய்வுகளின் சாரம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மில்கிராம் 1933ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். அதே ஆண்டு சனவரியில்தான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பெற்றோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. போர் முடிந்த பிறகு, நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய உறவினர்கள் சில காலம் இவர்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். அவர்களின் உடலில் முகாமில் குத்திய பச்சை எண்கள் இருந்தன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பின்னாளில் அவர் செய்த ஆய்வுக்கான விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

உயர்நிலைப்பள்ளியில் அவருடைய வகுப்புத் தோழர் பிலிப் சிம்பார்டோ. 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் போலிச் சிறை அமைத்து ஆய்வு செய்தவர் அவர்தான். ஒரே வகுப்பிலிருந்து இப்படி இருவர்!

மில்கிராம் முதலில் படித்தது உளவியல் அன்று, அரசியல். குவீன்ஸ் கல்லூரியில் 1954இல் அரசியல் அறிவியல் பட்டம் பெற்றார். வெளியுறவுப் பணியில் சேரும் எண்ணமும் அவருக்கு இருந்தது. பிறகு மனம் மாறி ஹார்வர்டில் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பித்தபோது, உளவியலில் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. அந்தக் கோடை விடுமுறையிலேயே நியூயார்க்கின் மூன்று கல்லூரிகளில் ஆறு பாடங்களைப் படித்து முடித்து உள்ளே நுழைந்தார். ஒரு தவணைக்கு ஐந்து பாடம் எடுத்துவிட்டுப் புலம்பும் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க.

ஹார்வர்டில் அவர் சாலமன் ஆஷ் என்ற அறிஞரின் உதவியாளராக இருந்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் ஆய்வால் புகழ்பெற்றவர் ஆஷ். கூட இருக்கும் எல்லாரும் தவறான விடையைச் சொன்னால், கண்ணெதிரே சரியான விடை தெரிந்தும் பலர் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொல்வார்கள் என்பது அவர் கண்டறிந்தது. மில்கிராம் அதை ஒலிகளைக் கொண்டு நார்வேயிலும் பிரான்சிலும் செய்து பார்த்தார். நார்வே மாணவர்கள் பிரெஞ்சு மாணவர்களைவிட அதிகமாகக் கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். ஆயினும் அவருக்குள் ஒரு குறை இருந்தது. கோட்டின் நீளத்தையோ ஒலியின் அளவையோ தவறாகச் சொல்வதால் யாருக்கும் கேடில்லை. இன்னொரு மனிதனைத் துன்புறுத்தச் சொன்னால் என்ன நடக்கும்?

1960இல் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். யூதர்களை மரண முகாம்களுக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனித்த அடோல்ஃப் ஐக்மன் அவ்வாண்டு மே மாதத்தில் அர்ஜென்டினாவில் பிடிபட்டான். 1961 ஏப்ரலில் ஜெருசலத்தில் வழக்குத் தொடங்கியது. மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றினேன் என்பதே அவனுடைய வாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் மில்கிராம் தம் ஆய்வைத் தொடங்கினார்.

நினைவாற்றல் ஆய்வுக்கு ஆட்கள் தேவை என்று நியூ ஹேவன் நகர நாளிதழில் விளம்பரம் வந்தது. சன்மானம் 4 டாலர், போக்குவரத்துக்கு 50 செண்டு. தொழிலாளர்கள், எழுத்தர்கள், விற்பனையாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். வந்தவருக்கு ஆசிரியர் வேடம். இன்னொருவருக்கு மாணவர் வேடம். மாணவர் ஓர் அறையில் நாற்காலியில் கட்டப்பட்டிருப்பார். அவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் ஒரு விசையை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்டில் தொடங்கி 450 வோல்ட் வரை 30 விசைகள். கடைசி இரண்டு விசைகளின் கீழே எச்சரிக்கைச் சொல்கூட இல்லை. மூன்று பெருக்கல் குறிகள் மட்டுமே. சாம்பல்நிற மேலங்கி அணிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, தொடருங்கள் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. மாணவர் வேடத்தில் இருந்தவர் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்.

ஆய்வைப் பற்றிக் கேட்டறிந்த மனநல மருத்துவர்கள், கடைசி விசை வரை போகிறவர் ஆயிரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று கணித்தார்கள். முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள்.

அவர்கள் மகிழ்ச்சியோடு அழுத்தவில்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். சிலர் காரணமின்றிச் சிரித்தார்கள். நிறுத்தலாமா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு அழுத்தினார்கள்.

பாடநூல்கள் இந்த 26 பேரோடு நின்றுவிடுகின்றன. மில்கிராம் நிற்கவில்லை. சூழலைச் சிறிது சிறிதாக மாற்றி, 1962 மே வரை 700க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார். மாணவரை அதே அறையில் உட்கார வைத்தபோது 40 பேரில் 16 பேர்தான் கடைசி வரை போனார்கள். மாணவரின் கையைத் தாமே பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 12 பேர். மேலங்கிக்காரர் அறையைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். பக்கத்தில் இருந்த வேறு இரண்டு ஆசிரியர்கள் எங்களால் முடியாது என்று எழுந்து விலகியபோது, 4 பேர் மட்டுமே.

என்னை உறங்கவிடாத எண்ணிக்கை வேறொன்று. விசையை இன்னொருவர் அழுத்த, வந்தவர் கேள்வித்தாளைக் கவனிப்பது போன்ற துணை வேலை மட்டும் செய்யும்படி ஓர் ஏற்பாடு. அதில் 40 பேரில் 37 பேர் இறுதிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

இனித் திடலுக்கு வருகிறேன். அது புதுமுக மாணவர் அறிமுக வாரத்தின் மூன்றாம் நாள். நான் வழிகாட்டி மாணவர்களில் ஒருவன். என் கையில் பெயர்ப்பட்டியல். முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலைக் கூட்டத்திற்குத் தாமதமாக வந்தான். பொறுப்பிலிருந்த மூத்த மாணவர் அவனைத் திடலின் நடுவே நிறுத்தி, தன் பெயரையும் விடுதியின் பெயரையும் உரக்கக் கத்தச் சொன்னார். சத்தம் போதவில்லை என்றார். மறுபடியும் கத்தினான். மறுபடியும் போதவில்லை. எத்தனை முறை என்று கணக்கு வைக்கும்படி என்னிடம் சொன்னார்கள். பட்டியலின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இருபதைத் தாண்டியதும் அவன் குரல் உடைந்தது. தமிழ்ப் பையன், என்னைப் போலவே தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். நான் பட்டியலைப் பார்த்தேன். முப்பத்து நான்காவது கோட்டில் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கூரையை நோக்கி ஓடினோம். அன்றைக்கு அதை நிறுத்தியது மழை.

நான் அவனைக் கத்தச் சொல்லவில்லை. கோடுதான் போட்டேன். அந்த 37 பேரும் வீட்டுக்குப் போய் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மில்கிராமின் மற்றோர் ஆய்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். யாரும் பார்க்காதபோது மனிதன் தன் அரசியலை எப்படிக் காட்டுகிறான் என்று அறிய, 1963இல் நியூ ஹேவன் நகரெங்கும் அஞ்சல்தலை ஒட்டிய 400 கடிதங்களைத் தவறவிட்டது போல் போட்டுவைத்தார். தொலைபேசிக் கூண்டு, கடை, நடைபாதை, காரின் கண்ணாடி என்று எங்கும் கடிதம். 100 கடிதங்கள் ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவின் பெயருக்கு, 100 ஒரு தனி மனிதருக்கு, 100 கம்யூனிஸ்டுக் கட்சி நண்பர்களுக்கு, 100 நாஜிக் கட்சி நண்பர்களுக்கு. எல்லாம் ஒரே அஞ்சல்பெட்டிக்குத்தான். மருத்துவக் குழுவுக்கு 72 கடிதங்களும் தனி மனிதருக்கு 71 கடிதங்களும் வந்து சேர்ந்தன. இரண்டு கட்சிகளுக்கும் தலைக்கு 25. கருத்துக்கணிப்பில் வாயைத் திறக்காதவனும், கையில் கிடைத்த கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதா கிழித்தெறிவதா என்பதில் தன் அரசியலைச் சொல்லிவிடுகிறான். இதே உத்தியை அவர் ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் ஆகிய நகரங்களில் வாழ்ந்த சீனர்கள் பெய்ஜிங் பக்கமா தைவான் பக்கமா என்று அறியவும் கையாண்டார். நம் வட்டாரம் வரை வந்த ஆய்வு அது.

மின்னதிர்ச்சி ஆய்வின் முடிவுகள் 1963இல் வெளிவந்தன. மறு ஆண்டே டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் கடுமையாகக் கண்டித்தார். நம்பி வந்தவர்களை ஏமாற்றி, அவர்களின் மனத்தை வதைக்கலாமா என்பது அவருடைய கேள்வி. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மில்கிராம் விடையளித்தார். எனக்கு அந்த விடை நிறைவளிக்கவில்லை. பலருக்கு உண்மை முழுவதும் தெரிய மாதக்கணக்காயிற்று என்பது பின்னர் வெளிப்பட்டது. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோமோ என்ற அச்சத்தோடு அத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு 4 டாலர் 50 செண்டு ஈடாகுமா? இன்று எங்கள் துறையில் ஒரு சிறு கேள்வித்தாளைக் கொடுக்கவே ஒப்புதல் படிவம் வேண்டும். இந்த நெறிமுறைகள் உருவானதற்கு மில்கிராமின் ஆய்வும் ஒரு காரணம்.

1963இல் ஹார்வர்டுக்குத் திரும்பியவருக்கு அங்கே நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1967இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உலகில் முன்பின் அறியாத இருவரைச் சில நண்பர்களின் வழியே இணைத்துவிடலாம் என்று காட்டிய ஆய்வும் அந்தக் காலத்தியதுதான். கீழ்ப்படிதல் பற்றிய அவர் நூல் 1974இல் வெளிவந்தது. அதில் அவர், அதிகாரத்தின் முன் நிற்கும் மனிதன் தன்னை இன்னொருவரின் கருவியாக எண்ணிக்கொள்கிறான் என்று விளக்கினார்.

இங்கேதான் பிற்கால ஆய்வாளர்கள் அவரோடு முரண்படுகிறார்கள். யேலில் பாதுகாக்கப்பட்டுள்ள ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் ஆராய்ந்த ஹஸ்லம், ரைக்கர் ஆகியோர் வேறொன்றைச் சுட்டினார்கள். உங்களுக்கு வேறு வழியே இல்லை என்று அப்பட்டமாக ஆணையிட்டபோது பலர் மறுத்துவிட்டார்கள். ஆய்வுக்கு இது தேவை என்று சொன்னபோதுதான் தொடர்ந்தார்கள். அதாவது, அறிவியல் என்ற நல்ல காரியத்திற்குத் துணை நிற்கிறோம் என்ற நம்பிக்கை அவர்களை அழுத்த வைத்தது. ஐக்மனும் வெறும் எழுத்தன் அல்லன். வழக்குக்கு முன் அர்ஜென்டினாவில் அவன் பேசிப் பதிவான நாடாக்களில், தான் செய்ததைப் பெருமையாக நம்பியவனின் குரலே கேட்கிறது.

எனக்கும் இதுவே உண்மையாகப் படுகிறது. எங்கள் மூத்த மாணவர் மிரட்டுகிறவர் அல்லர். புதியவர்களிடையே ஒற்றுமை வளர வேண்டும், கட்டொழுங்கு வர வேண்டும் என்றுதான் எப்போதும் பேசுவார். நான் பயந்து கோடு போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சொன்னதை நம்பித்தான் போட்டேன்.

மில்கிராம் 1984ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 51. அதற்கு முன்பே பலமுறை நெஞ்சுவலி கண்டவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தனர். அவர் நடத்திய சோதனைகளில் உறவினரையோ நண்பரையோ மாணவராக உட்கார வைத்த ஒன்று உண்டு. அதை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அதில் 20 பேரில் 3 பேர்தான் கடைசி வரை போனார்கள். நாற்காலியில் இருப்பவன் யார் என்று தெரிந்திருந்தால் போதும் போலிருக்கிறது.

அந்தப் பையனின் பெயர் அன்றைக்கு எனக்குப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே. இப்போது நன்றாகத் தெரியும். அவன் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிட்டான். நம் கழகத்தில்தான் இருக்கிறான். என்னை அண்ணே என்றுதான் அழைக்கிறான். திடலைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. முப்பத்து நான்கு கோடுகள் போட்ட அந்தத் தாள் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இவ்வாண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்தும் பொறுப்பு அவனுடையது. இந்தக் கட்டுரையை முதலில் படிக்கப் போகிறவன் அவன்தான்.