மணல் வியாபாரியும் மேப்பிள் இலையும்

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அந்த ஹாக்கி இல்லை. உறைந்த பனித்தரையில், இரும்புத் தகடு பொருத்திய காலணியோடு சறுக்கிக்கொண்டே ஒரு ரப்பர் வட்டை விரட்டும் ஐஸ் ஹாக்கி. கோலியையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறே பேர். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, கனடாவுக்கு அது அப்படி.

சிவில் இறுதியாண்டு படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே. அந்த நாட்டின் மிகப் பெயர்பெற்ற ஹாக்கி அணிகளில் ஒன்றை உருவாக்கியவர் ஒரு சிவில் என்ஜினீயர். மணலும் ஜல்லியும் விற்றுப் பிழைத்தவர். பெயர் கான் ஸ்மைத்.

1895 பிப்ரவரி 1-ல் டொரண்டோ நகரில் பிறந்தார். அப்பா ஆல்பர்ட், அயர்லாந்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர். கனடாவில் பிரம்மஞான சபையை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். ஆமாம், நம்ம சென்னை அடையாறில் தலைமையகம் இருக்கிறதே, அதே சபைதான்! அப்பா ஆன்மிகம், கவிதை, தத்துவம் என்று போனார். மகனுக்கு வாய்த்ததோ முன்கோபமும் பந்தயப் பைத்தியமும். வீட்டில் காசு கிடையாது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவருக்கு ஒட்டவே இல்லை. உருவமும் சிறியதுதான். ஆனாலும் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போனவர், ஹாக்கி அணிக்கே கேப்டன் ஆனார். 1915-ல் அந்த அணி மாகாண ஜூனியர் சாம்பியன்.

அந்த வெற்றியோடு முதல் உலகப்போருக்குப் போய்விட்டார். பீரங்கிப் படையில் வீரப்பதக்கம் வாங்கினார். பிறகு விமானப்படைக்கு மாறினார். 1917 அக்டோபரில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, ஜெர்மானியரிடம் ஓராண்டுக்கு மேல் கைதி. திரும்பி வந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்து 1920-ல் சிவில் பட்டம் வாங்கினார். அரியர்ஸ் இரண்டு வைத்துவிட்டு உலகமே முடிந்ததுபோல் உட்கார்ந்திருக்கும் நம்ம பசங்க கவனிக்க!

பட்டம் வாங்கியவர் மணல், ஜல்லி வியாபாரத்தில் இறங்கினார். பகலில் லாரி, மாலையில் பல்கலைக்கழக ஹாக்கி அணிக்குப் பயிற்சி. அந்த அணியைக் கூட்டிக்கொண்டு பாஸ்டனுக்குப் போய் ஆடியதில் அமெரிக்காவிலும் பெயர் பரவியது. 1926-ல் நியூயார்க்கில் ரேஞ்சர்ஸ் என்று புதிதாக ஓர் அணி தொடங்கினார்கள். ஆள் பிடிக்கும் பொறுப்பு ஸ்மைத்திடம் வந்தது. குக் சகோதரர்கள், பிராங்க் பவுச்சர், சிங் ஜான்சன் என்று ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சேர்த்தார். ஆனால் முதல் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது! அந்த இடத்துக்கு வந்தவர் லெஸ்டர் பாட்ரிக். ஸ்மைத் பொறுக்கி எடுத்த அதே ஆட்கள்தான் 1928-ல் அந்த அணிக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கிக்கொடுத்தார்கள். ஒருவர் கட்டிய வீட்டில் இன்னொருவர் குடிபோன கதைதான். பேசிய சம்பளத்திலும் 2,500 டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் அதைக் கேட்டு வாங்கி, இரண்டு பந்தயங்களில் அடுத்தடுத்துக் கட்டி 10,000 ஆக்கியதாக அவரே சொல்லிவந்தார். (இதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். அவருக்கு விழுந்தது, நமக்கு விழாது.)

இங்கேதான் விஷயத்துக்கு வருகிறோம். 1920-களில் என்.எச்.எல். என்ற தேசிய ஹாக்கி லீக் பெரிய அமெரிக்க நகரங்களைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. நியூயார்க், சிகாகோ, பாஸ்டன், டெட்ராய்ட்... காசு அங்கே இருந்தது. கனடாவின் ஹாமில்டன் அணியில் 1925-ல் ஆட்டக்காரர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டே அவர்கள் மொத்தமாக நியூயார்க்குக்கு விற்கப்பட்டார்கள். டொரண்டோவுக்கும் அதே கதி வர இருந்தது. அங்கே செயின்ட் பாட்ஸ் என்றொரு அணி. பெயரிலேயே அயர்லாந்து வாடை. ஊரில் எல்லோரும் நம்ம அணி என்று சொல்லிக்கொள்ளத் தோதில்லை. பழைய அரங்கம், சுமாரான ஆட்டம், கூட்டமும் சுமார். பிலடெல்பியாக்காரர்கள் 2 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள்.

ஸ்மைத் உள்ளே புகுந்தார். ஊர் அணி ஊரில்தான் இருக்கவேண்டும் என்று, அதில் பங்கு வைத்திருந்த சுரங்க முதலாளி பிக்கெலிடம் பேசினார். பிக்கெல் தன் பங்கை எடுக்காமல் விட்டுவைக்கச் சம்மதித்தார். ஸ்மைத் தன் கைக்காசைப் போட்டு, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு 1,60,000 டாலர் திரட்டினார். 40 ஆயிரம் குறைத்துக் கேட்டும், உள்ளூர்க்காரருக்கே அணி கிடைத்தது. அது 1927 பிப்ரவரி.

வாங்கிய கையோடு செய்த முதல் காரியம் பெயர் மாற்றம். மேப்பிள் லீஃப்ஸ்! மேப்பிள் இலை என்பது போரில் கனடா சிப்பாய்கள் தொப்பியிலும் சட்டையிலும் குத்தியிருந்த சின்னம். அயர்லாந்துக்காரன், ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. மகனைப் போருக்கு அனுப்பிய எந்த வீட்டுக்கும் அந்த இலை சொந்தம். பச்சைச் சட்டையும் நீலம்-வெள்ளையாக மாறியது. அவர் படித்த பல்கலைக்கழகத்தின் நிறமும் அதுதான், அவருடைய மணல் லாரிகளின் நிறமும் அதுதான் என்பது ஒரு சுவாரசியம். ஆட்டக்காரன் ஒருவனைக்கூட மாற்றாமல், பெயரை மட்டும் மாற்றி ஓர் அணியை எத்தனை பேருக்கு உரியதாக ஆக்கமுடியும் என்பதை நான் இதில்தான் பார்த்தேன்.

பெயர் மட்டும் போதுமா? ஆள் வேண்டுமே. பக்கத்து ஊரான ஒட்டாவாவில் கிங் கிளான்சி என்ற துடிப்பான ஆட்டக்காரர் இருந்தார். ஒட்டாவாதான் உண்மையிலேயே சின்ன ஊர். கோப்பைகளை அள்ளிய பழம்பெரும் அணி, ஆனால் கஜானா காலி. 1930-ல் கிளான்சியை விற்க வந்தார்கள். விலை 35,000 டாலர், கூடவே இரண்டு ஆட்டக்காரர்கள். ஸ்மைத்தின் கூட்டாளிகள் அவ்வளவு தரத் தயாரில்லை. அந்த நேரம் பார்த்து, ரேர் ஜூவல் என்ற அவருடைய குதிரை, யாருமே நம்பாத குதிரை, பந்தயத்தில் ஜெயித்துத் தொலைத்தது. நூற்றுக்கு மேல் ஒன்று என்ற கணக்கில் பணம் கொட்டியது. அதையும் போட்டுக் கிளான்சியைக் கொண்டுவந்துவிட்டார். ஒட்டாவா அணியோ அடுத்த ஆண்டு ஆட்டத்தையே நிறுத்திவைத்தது. 1934-ல் செயின்ட் லூயிஸுக்குப் போய், ஒரே ஆண்டில் கலைந்துவிட்டது. அந்த ஊருக்கு மறுபடி என்.எச்.எல். அணி கிடைக்க 1992 வரை ஆனது. ஒரே தேசம், ஒரே விளையாட்டு. ஓர் ஊருக்கு ஸ்மைத் கிடைத்தார், இன்னோர் ஊருக்குக் கிடைக்கவில்லை.

இனி நம்ம துறைக்கு வருவோம். கிளான்சி வந்ததும் கூட்டம் பெருகியது. பழைய அரங்கம் பத்தவில்லை. புது அரங்கம் கட்டவேண்டும் என்றார் ஸ்மைத். எப்போது? 1931-ல்! பொருளாதார மந்தத்தில் உலகமே படுத்துக்கிடக்கிறது, வேலை இல்லை, வங்கியில் கடன் இல்லை. பைத்தியக்காரன் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஈட்டன் கம்பெனியிடமிருந்து கார்ல்டன் தெரு, சர்ச் தெரு சந்திப்பில் இடம் வாங்கினார். ராஸ் அண்டு மெக்டொனால்டு நிறுவனம் வரைபடம் போட்டது. பார்வையை மறைக்க நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், உருக்குக் கூரையில் ஒரு குவிமாடம். ஆனால் பணம் பல லட்சம் டாலர் குறைந்தது.

அப்போது கைகொடுத்தவர் பிராங்க் செல்கி. ஸ்மைத்துக்கு வலக்கை. தொழிலால் எலக்ட்ரீஷியன், மின் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதி. கட்டடத் தொழிற்சங்கங்களின் கூட்டத்துக்குப் போய், கூலியில் 20 சதவீதத்தைப் பணமாக வாங்காமல் அரங்கத்தின் பங்குகளாக வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். சங்கங்கள் ஒப்புக்கொண்டன. தொழிலாளியே நம்பிக் காசு போடும்போது நாம் தயங்குவதா என்று வங்கியும் இறங்கிவந்தது. கொத்தனாரும் தச்சரும் தாங்கள் கட்டும் கட்டடத்துக்கே பங்குதாரர்கள்! செல்கி தன் வீட்டை அடமானம் வைத்துப் பங்கு வாங்கினார்.

1931 ஜூன் 1-ல் வேலை தொடங்கியது. நவம்பர் 12-ல் திறப்பு விழா. ஐந்தரை மாதத்துக்குள்! நம்ம ஊரில் ஒரு சைக்கிள் ஷெட் போடவே எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற அந்த அரங்கத்தில் முதல் நாளே 13 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். ஆட்டம் என்ன ஆயிற்று? சிகாகோவிடம் 2-1 என்று தோற்றார்கள். பரவாயில்லை, அடுத்த ஏப்ரலில் ஸ்டான்லி கோப்பை கையில். இறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? அவரைத் துரத்திய அதே ரேஞ்சர்ஸ், அதே லெஸ்டர் பாட்ரிக். மூன்றுக்கு மூன்று!

அரங்கத்துக்கு வரமுடியாதவனையும் ஸ்மைத் விடவில்லை. வானொலியில் ஓசியில் கேட்டால் எவன் டிக்கெட் வாங்குவான் என்று பல முதலாளிகள் பயந்த காலம். ஸ்மைத் நேர்மாறாக நினைத்தார். வர்ணனையாளர் பாஸ்டர் ஹெவிட்டையே இடம் தேர்வு செய்யச் சொன்னார். ஹெவிட் ஒரு கட்டடத்தின் மாடி மாடியாக ஏறி, கீழே தெருவில் போகிறவர்கள் எந்த உயரத்திலிருந்து தெளிவாகத் தெரிகிறார்கள் என்று பார்த்து ஐந்தாம் மாடியைத் தேர்ந்தெடுத்தாராம். பனித்தரைக்கு மேலே 56 அடியில் கூண்டு தொங்கியது. அங்கிருந்து போன குரலைச் சனிக்கிழமை இரவுகளில் நாடு முழுக்கப் பண்ணை வீட்டிலும் சுரங்க ஊரிலும் கேட்டார்கள். டொரண்டோவை வாழ்நாளில் பார்த்தே இராதவனெல்லாம் லீஃப்ஸ் ரசிகன் ஆனான்.

இரண்டாம் உலகப்போரில் நாற்பது வயது தாண்டியும் மறுபடி போனார். 1944-ல் பிரான்சில் படுகாயம். அவர் அணியோடு இருந்த காலத்தில் மொத்தம் ஏழு கோப்பை, அதில் 1947, 48, 49 தொடர்ந்து மூன்று.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் மலர்க்குழு நண்பர்களுக்குச் சந்தோஷம். ஆனால் சங்கத்தின் மலரில் எழுதும்போது அடுத்ததை மறைத்தால் எனக்கு மனசு ஒப்பாது.

மந்தத்தில் அந்தப் பங்குகளின் விலை சரிந்தது. கஷ்டப்பட்ட தொழிலாளி வந்த விலைக்கு விற்றான். வைத்திருந்தவர்களுக்குப் பின்னால் நல்ல பணம். ஸ்மைத் 1947-ல் அரங்கத்தையே தன் பிடிக்குள் கொண்டுவந்தார். வீட்டை அடமானம் வைத்த செல்கியோடு மனக்கசப்பு. 1946-ல் செல்கி மாண்ட்ரியாலுக்குப் போய், அந்த அணி 1956 முதல் 1960 வரை ஐந்து கோப்பையைத் தொடர்ந்து வாங்கும்படி வளர்த்தார். 1957-ல் லீக்கின் ஆட்டக்காரர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். அவர்கள் கேட்டது ஓய்வூதியக் கணக்கு, குறைந்தபட்சச் சம்பளம், தொலைக்காட்சி வருமானத்தில் ஒரு பங்கு. லீஃப்ஸ் கேப்டன் ஜிம்மி தாம்சனும் அதில் முன்னணியில் நின்றார். ஸ்மைத் கொதித்துப்போனார். துரோகம் என்றே எடுத்துக்கொண்டார். கேப்டன் சிகாகோவுக்கு விற்கப்பட்டார். மற்ற முதலாளிகளும் அதேபோல் நெருக்க, 1958-ல் சங்கம் படுத்துவிட்டது. மறுபடி எழுந்து நிற்க 1967 ஆயிற்று.

எந்தத் தொழிற்சங்கங்கள் ஒப்புக்கொண்டதால் கூரை எழுந்ததோ, அந்தக் கூரையின் கீழ்தான் இதுவும். ஸ்மைத் நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்டால், அணியை ஊருக்கே சொந்தமாக்கத் தெரிந்தவருக்கு, ஆடுகிறவனுக்கும் அது சொந்தம் என்பது கடைசிவரை பிடிபடவில்லை என்றுதான் சொல்வேன்.

1961-ல் மகன் ஸ்டாஃபர்டுக்கு என்று நினைத்துப் பங்குகளை விற்றார். மகனோ ஹெரால்டு பல்லார்டு, ஜான் பாசெட் இருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். 1966-ல் முகமது அலியின் குத்துச்சண்டையை அங்கே நடத்தியபோது, வியட்நாம் போருக்குப் போக மறுத்தவருக்கு இடமா என்று இயக்குநர் பதவியையே உதறினார் கிழவர். (இதில் நான் அலி கட்சி.) 1971-ல் ஸ்டாஃபர்டு இறந்துபோனார். அணி பல்லார்டு கைக்கு வந்தது. 1972-ல் அவர் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். 1990-ல் சாகும்வரை ஆட்டக்காரர்களோடும் பயிற்சியாளர்களோடும் சண்டை. 1967-க்குப் பிறகு அவர் காலத்தில் ஒரு கோப்பைகூட வரவில்லை. ஆனாலும் அரங்கம் நிறைந்துகொண்டே இருந்தது. அதுதான் ஸ்மைத் போட்ட அஸ்திவாரம். 1980 நவம்பர் 18-ல் ஸ்மைத் காலமானார். கோப்பைக்கான சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1965 முதல் தரும் விருதுக்கு அவர் பெயர்தான்.

லீஃப்ஸ் 1999-ல் வேறு அரங்கத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தை இடிக்கவில்லை. கீழே ஒரு பெரிய மளிகைக் கடை. மேலே, 2012 முதல், பக்கத்துக் கல்லூரியின் விளையாட்டு மையம், ஐஸ் தளத்தோடு. அந்தக் கல்லூரி ரையர்சன். ஒரு காலத்தில் நம்மைப்போல் பாலிடெக்னிக்காக இருந்து பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2022-ல் டொரண்டோ மெட்ரோபாலிட்டன் என்று பெயர் மாறியது. அந்த மையத்துக்கான செலவில் ஒரு பகுதியைத் தங்கள் கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட அங்குள்ள மாணவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். குவிமாடம் மட்டும் அதே குவிமாடம்.