சாம்பலில் தேடியவர்

சாம்பலிலிருந்து மீட்கும் கதை மயிலாப்பூருக்குப் புதிதன்று. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தின் முன் சம்பந்தர் பாட, அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்பார்கள். கபாலீசுவரர் கோயிலில் அவளது சந்நிதியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு சாம்பலைத் துழாவிய ஒருவர் நினைவுக்கு வருகிறார்: விக்டர் கோல்ட்ஷ்மிட்.

1888-ல் சூரிச்சில் பிறந்தவர். தந்தை வேதியியல் அறிஞர். 1901-ல் குடும்பம் நார்வேயில் குடியேறியது. 26 வயதிலேயே பேராசிரியரான அவரைப் புவிவேதியியலின் தந்தை என்கிறார்கள். இன்று மின்வாகனக் காந்தங்களுக்காக உலகம் அலைகிற அருமண் தனிமங்களின் அயனிகள், அணு எண் ஏற ஏறச் சிறுகச் சிறுகச் சுருங்குவதைக் காட்டி, 1925-ல் 'லாந்தனைடு சுருக்கம்' என்று பெயரிட்டவர் அவரே. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது ஏன் பெரும்பாடு என்பது அந்த நுண்ணிய வேறுபாட்டை அறிந்தால் விளங்கும்.

1929-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குச் சென்றார். அங்கே நிலக்கரிச் சாம்பலை மின்வில்லில் எரித்து, அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். ஜெர்மானியம் முதலான அரிய தனிமங்கள், பாறைகளில் இருப்பதைவிடப் பன்மடங்கு செறிந்து கிடந்தன. தொல்காட்டு மரங்களின் வேர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சியவை இலைமக்கில் தங்கின என்றும், நெருப்பு கரியை மட்டும் விலக்கியது என்றும் விளக்கினார். பின்னாளில் பிரிட்டனில் புகைக்குழாய்த் துகளிலிருந்து ஜெர்மானியம் வணிக அளவிலேயே எடுக்கப்பட்டது.

அவர் யூதர். நாஜிகளின் வெறுப்பு முற்றியபோது, 1935-ல் பதவியை உதறி ஆஸ்லோ திரும்பினார். போர் அங்கும் வந்தது. 1942 அக்டோபரில் கைது. நவம்பரில், ஆஷ்விட்ஸை நோக்கி யூதர்களை ஏற்றிய கப்பலின் துறையிலிருந்து கடைசி நேரத்தில் திருப்பி அழைக்கப்பட்டார். அவருடைய அறிவு நாட்டுக்குத் தேவை என்று சகாக்கள் வாதாடியிருந்தார்கள். அடுத்த மாதம் சுவீடனுக்குத் தப்பினார், பிறகு பிரிட்டன். சிறைமுகாம் சிதைத்த உடல் தேறவேயில்லை. 1947-ல், 59 வயதில், ஆஸ்லோவில் காலமானார்.

தியாகராய நகரின் கடைவிளக்குகளும் அடையாற்றின் குளிர்சாதனங்களும் எரிக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களில் பிறக்கிறது. வெளிச்சம் தெற்கே வருகிறது. சாம்பல் வடக்கே கொசஸ்தலை ஆற்றங்கரையில் படிகிறது. இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சாம்பல்தான். பொதுவாக ஒரு டன் சாம்பலில் அருமண் தனிமங்கள் சில நூறு கிராமே தேறும். அவையும் கண்ணாடித் துகள்களுக்குள் சிறைப்பட்டிருப்பதால், அமிலமும் காரமும் செலவும் மிகுதி. உடனே பணம் கொட்டும் என்று சொல்பவரை நான் நம்பவில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சீனா கட்டுப்படுத்தியதும் நம் வாகன ஆலைகள் கலங்கின. நம் சாம்பல் குளங்கள் ஒவ்வொன்றிலும் எது எவ்வளவு என்று அளந்து, அக்கணக்கைப் பொதுவில் வைப்பதற்குக்கூடவா செலவு பார்ப்பது?

எங்கள் தெருவில் ஓர் அடுக்ககம் எழுகிறது. நேற்றும் ஒரு லாரி நிறையச் சாம்பல் செங்கல் இறங்கியது.