ஹைதர் அலியும் கும்பினியார் கையெழுத்தும்

பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலத்துக்குச் செல்லும் ராஜபாட்டையில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. இன்று லாரி ஓட்டுவோருக்கு அது அபாயகரமான ஒரு சரிவு. பதினெட்டாம் நூற்றாண்டில் சைன்யங்களுக்கு அது ஒரு வாயிற்படி. வடக்கே பாராமகால், தெற்கே சேலமும் கொங்கு நாடும். அந்த வாயிலின் சாவி சில காலம் ஹைதர் அலியிடம் இருந்தது. தேசங்கள் எல்லை உடன்படிக்கைகளை மதித்து நடக்குமா என்று சந்தேகிப்பவர்கள், அந்த மனிதருடைய சரித்திரத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.

கோலாரை அடுத்த பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர், தந்தையைப் பாலப் பருவத்திலேயே இழந்தார். எழுதவும் படிக்கவும் அறியாதவர். ஆனால் ஞாபக சக்தியில் நிகரற்றவர். 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய தீரத்தால் மைசூர்ப் படையில் பெயர் பெற்றார்.

ராஜ்யங்களின் வாக்கு எப்படிப்பட்டது என்பதை அவர் முதலில் கற்றது திருச்சிராப்பள்ளியில். சந்தா சாகிப்பை ஒழிக்க உதவினால் திருச்சியைத் தருவதாக நவாபு முகம்மதலி, மைசூர் அதிகாரி நஞ்சராஜருக்கு வாக்களித்திருந்தார். மைசூர்ச் சைன்யம் வந்தது. 1752-ல் சந்தா சாகிப் மடிந்தார். திருச்சி மட்டும் கைமாறவில்லை. கோட்டைக்குள் கும்பினியாரின் துருப்பு இருந்தது; வெளியே மைசூரார் 1755 வரை காத்திருந்து, பொருளையும் ஆட்களையும் இழந்து திரும்பினர். அவர்களில் ஹைதரும் ஒருவர்.

பின்னர் திண்டுக்கல்லில் பௌஜ்தாராக இருந்து பலம் தேடிக்கொண்ட ஹைதர், 1761-ல் மைசூருக்கே அதிபதியானார். ராஜாவின் பெயர் சிம்மாசனத்தில் இருந்தது. அதிகாரம் ஹைதரிடம் இருந்தது. இவரும் வாக்கு விஷயத்தில் குற்றமற்றவர் அல்லர். தம்மை எதிர்த்த காண்டே ராவைக் கிளியைப் போல் வளர்ப்பதாக அரண்மனைப் பெண்டிருக்கு வாக்களித்துவிட்டு, அவரை இரும்புக் கூண்டில் அடைத்துப் பாலும் சோறும் கொடுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. எழுத்தைக் காப்பாற்றிப் பொருளைக் கொல்லும் இவ்வித்தை பிற்காலத்தில் அவர் தலையிலேயே விடிந்தது.

1763-ல் பெத்தனூரும் 1766-ல் மலையாளமும் அவர் வசமாயின. அயலார் அஞ்சினர். 1766 நவம்பரில் ஹைதராபாத் நிஜாம் கும்பினியாரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்த ஆண்டில் ஹைதரோடு சேர்ந்து அதே கும்பினியாரை எதிர்த்தார். 1768 பிப்ரவரியில் மறுபடியும் கும்பினியாரோடு சேர்ந்தார். பதினைந்து மாதங்களில் இரண்டு பல்டிகள்! கடைசி உடன்படிக்கையில் ஹைதரை அபகரித்தவர் என்று கூறி, மைசூர் நாட்டின் திவானி உரிமையையே நிஜாம் கும்பினிக்கு அளித்தார். தம் கையில் இல்லாத நாட்டைத் தானம் செய்வதற்கு எத்தனை தாராளம் வேண்டும்!

1768-ல் கும்பினிச் சைன்யம் பாராமகாலையும் கொங்கு நாட்டையும் பிடித்துக்கொண்டு பெங்களூரை நோக்கி நகர்ந்தது. ஹைதர் சமாதானம் கோரினார். பாராமகாலோடு பத்து லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். கும்பினியாருக்கு அது போதவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஹைதர் மலையிலிருந்து இறங்கினார். சிறு சிறு காவல் படைகளோடு இருந்த கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1769 மார்ச்சில் ஆறாயிரம் குதிரை வீரரோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து, பரங்கிமலை அருகே வந்து நின்றார். சென்னைக் கோட்டையார் திகைத்துப்போயினர்.

ஏப்ரலில் உடன்படிக்கை முடிந்தது. பிடித்த இடங்களைப் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுப்பது. ஒருவரை வேற்றார் தாக்கினால் மற்றவர் படையுடன் உதவுவது. இரண்டாவது ஷரத்தே ஹைதருக்கு உயிர்நாடி. வடக்கே மகாராஷ்டிரர் இருந்தனர். மறு ஆண்டே பேஷ்வா மாதவ ராவின் படை மைசூருக்குள் புகுந்தது. ஹைதர் கும்பினியாரிடம் உதவி கேட்டார். மீண்டும் மீண்டும் கேட்டார். ஒரு சிப்பாயும் வரவில்லை. 1771-ல் சின்குரளியில் அவர் படை சிதறியது. 1772-ல் நாட்டில் ஒரு பகுதியையும் பெரும் பணத்தையும் கொடுத்து மீண்டார். கையெழுத்துப் பத்திரம் சென்னைக் கோட்டைப் பெட்டியில் பத்திரமாகவே இருந்தது!

ஹைதர் அதை மறக்கவில்லை. 1779-ல் தமது பாதுகாப்பில் இருந்த மாஹியைக் கும்பினியார் பிடித்ததும் கோபம் பொங்கியது. 1780 ஜூலையில் கர்நாடகத்தில் பெருஞ்சேனையோடு இறங்கினார். செப்டம்பர் 10-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. புக்ஸார் வெற்றி வீரர் ஹெக்டர் மன்றோ, காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்கு விரைந்தார். பத்தாண்டுகளுக்கு முன் மீறிய வாக்குக்குக் கும்பினி வட்டியோடு கொடுத்த விலை அது. ஆனால் அந்த விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்கள், எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாத குடியானவர்கள். ஹைதரின் குதிரைப்படை எரித்த கிராமங்களை நாம் மறைத்துப் பேசுவது நியாயமன்று.

1781-ல் பரங்கிப்பேட்டையில் தோல்வியுற்ற ஹைதர், 1782 டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே பாசறையில் உயிர் நீத்தார். அவர் மகன் திப்பு, 1790 நவம்பரில் தொப்பூர்க் கணவாய் வழியே கும்பினிப் படைக்கு அகப்படாமல் தெற்கே நழுவினார். ஆயினும் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பாதி ராஜ்யத்தைக் கொடுக்க நேர்ந்தது. தந்தை தருவதாகச் சொன்னபோது போதாதென்று தள்ளிய பாராமகாலும் அதில் கும்பினி வசமாயிற்று.

தனி மனிதன் பத்திரத்தை மீறினால் நீதிமன்றம் உண்டு, டிக்ரி உண்டு, ஜப்தி உண்டு. தேசம் மீறினால் அமீனா வருவதில்லை. உக்ரேனின் எல்லையை மதிப்பதாக 1994-ல் புடாபெஸ்டில் கையெழுத்திட்ட ருஷ்யா, 2014-ல் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. எல்லைக் கோட்டில் அமைதி காப்பதாக 1993-ல் நம்மோடு ஒப்பந்தம் செய்த சீனாவின் படையோடு, 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலில் நமது வீரர் இருபது பேர் உயிர் இழந்தனர்.

ஆகவே உடன்படிக்கையே வீண் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாவிடில் தினமும் யுத்தந்தான். ஹைதர் செய்த பிழை கையெழுத்து வாங்கியதல்ல. அந்தக் கையெழுத்தே படையாகி வந்து நிற்கும் என்று நம்பியது. கும்பினியார் செய்த பிழை, மீறிய வாக்கு மறக்கப்பட்டுவிடும் என்று நினைத்தது. நாம் கொடுத்த வாக்கைக் காப்போம். பிறர் கொடுத்த வாக்கை விழிப்போடு காவல் செய்வோம். பத்திரம் பெட்டியில் இருக்கட்டும். கணவாயில் காவல் இருக்கட்டும்.