அச்சுச் சுற்றைத் தந்த பால் ஐஸ்லர்

சென்ற டிசம்பர் விடுமுறையில், செம்புத் தகடு ஒட்டிய ஒரு பலகை வாங்கி நானே ஒரு மின்சுற்றுப் பலகை செய்தேன். இரண்டு டிரான்சிஸ்டர்கள், மாறி மாறி மின்ன வேண்டிய இரண்டு சிறு விளக்குகள், அவ்வளவே. பழைய மினி டிரில்லில் நுண்முனையைப் பொருத்திச் செம்பைக் கோடு கோடாகச் செதுக்கினேன். முனை ஓரிடத்தில் வழுக்கி ஒரு பாதையையே அறுத்துவிட்டது. சால்டரிங்கோ இன்னும் மோசம். இணைப்பைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கி வைத்ததால், அது ஒட்டாமல் சாம்பல் நிற உருண்டையாக நின்றது. எல்லாவற்றையும் திருத்திய பிறகும் ஒரு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. மூன்றாம் நாள்தான் பூதக்கண்ணாடியில் குற்றவாளி தென்பட்டது: செதுக்கிய பள்ளத்தின் குறுக்கே கிடந்த முடியளவு செம்புத் துணுக்கு!

இத்தகைய பலகையை முதலில் எண்ணியவர் யார் என்ற கேள்வியே என்னைப் பால் ஐஸ்லரிடம் கொண்டு சேர்த்தது.

1907-இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1930-இல் பொறியியல் பட்டம் பெற்றார். யூத வெறுப்பு மலிந்த அந்நகரில் தகுந்த வேலை கிடைக்கவில்லை. சிலகாலம் பத்திரிகை அச்சகத்தில் பணியாற்றினார். அங்கு கற்ற அச்சுத்தொழில் வீண்போகவில்லை என்பது என் கருத்து. 1936-இல் இங்கிலாந்து சேர்ந்து, லண்டனில் தங்கியிருந்த விடுதியறையிலேயே அச்சுச் சுற்று கொண்ட வானொலி ஒன்றைச் செய்தார்.

அன்றைய வானொலிகளில் ஒவ்வொரு கம்பியையும் கையால்தான் இணைப்பார்கள். ஐஸ்லரோ செம்புத் தகட்டின் மேல் சுற்றை அச்சிட்டு, மை படியாத பகுதியை அமிலத்தால் கரைத்தார். நான் செதுக்கி நீக்கியதை அவர் கரைத்து நீக்கினார். ஒன்றைச் செய்யும் முறையிலேயே ஆயிரத்தையும் செய்யலாம். ஆயினும் பிளெஸ்ஸி நிறுவனம் அதை ஏற்கவில்லை. கம்பி இணைக்கும் பெண்களின் உழைப்பு அதைவிட மலிவாம்!

போர் மூண்டதும், 1940-இல் பகைநாட்டவர் என்று அவரையே காவலில் வைத்தனர். 1941-இல் வெளிவந்து, இசைக்குறிப்பு அச்சிடும் ஹென்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு ஓர் ஒப்பந்தத்தைப் படிக்காமலேயே கையொப்பமிட்டார். கண்டுபிடிப்புகளின் உரிமை பெயருக்கு ஒரு பவுன் விலையில் நிறுவனத்துக்குப் போயிற்று. டெக்னோகிராப் நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நண்பர்களே, இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். படிக்கத் தெரியாத என் தந்தை, கடன் பத்திரம் என்று நம்பி ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அது எங்கள் அரை ஏக்கர் நிலத்தின் விற்பனைப் பத்திரம். அப்போது நான் நான்காம் வகுப்பு. எழுத்தறியாமையால்தான் ஏமாந்தோம் என்று இதுவரை எண்ணியிருந்தேன். பட்டம் பெற்ற ஐஸ்லரும் படிக்காமல் கையொப்பமிட்டாரே! புகலிடம் தேடி வந்தவனுக்கு வேலைதான் பெரிதாகத் தெரியும் போலும்.

1943-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உலகமெங்கும் அச்சுச் சுற்றுகள் பெருகின. 1957-இல் டெக்னோகிராப்பிலிருந்து விலகினார். 1963-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பென்டிக்ஸ் நிறுவனத்துடனான வழக்கில், அந்தக் காப்புரிமைகள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை, மெல்லிய உலோகத் தாளால் சூடேற்றும் முறைகளில் உழைத்தார். 1989-இல் தன் வரலாற்றை எழுதி வெளியிட்டு, 1992-இல் லண்டனில் மறைந்தார்.

அடுத்த பலகையை அவர் வழியிலேயே, ஃபெரிக் குளோரைடில் கரைத்துச் செய்யப்போகிறேன். ஆய்வகத்தில் இடம் தருவதாக எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார்.